முப்பதாம் நம்பர் எண்ணெய்

ரீத்தா சீதனமாகக் கொண்டுவந்த வேன் புகை விடும். குளச்சலில் அது தெரியாத ஆள் கிடையாது. பள்ளிமுக்கில் வண்டி திரும்பும்போதே, வலை காயப்போடுகிறவர்கள் தலையைத் தூக்கி, "சிலுவைதாசனுக்க வீட்டுக்குச் சம்பந்தக்காரன் வாறான்" என்பார்கள். சம்பந்தக்காரன் என்றது புகையை. நீலமாகத் தெருவை அடைத்துக்கொண்டு அது வரும். வண்டி வீட்டு முன்னால் நின்ற பிறகும் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வண்டியைக் கொடுத்தது ரீத்தாவின் அப்பா ஜேசுதாஸ். தக்கலையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷம் தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஆள் ஏற்றி ஓடிய வேன் அது. மூத்த பெண்கள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்ததிலேயே வீட்டில் இருந்த பொன் தீர்ந்துபோயிற்று. ரீத்தாவைக் கேட்டுக் குளச்சல்காரர்கள் வந்தபோது, பொன்னுக்குப் பதில் வண்டி தருகிறேன் என்றார். வந்தவர்களுக்கு வாயெல்லாம் பல். சாளை மீனிலிருந்து நெய் காய்ச்சி விற்கிற வீடு அது. மாட்டுவண்டியில் அசைந்து அசைந்து கோட்டாற்றுச் சந்தைக்குப் போகிற நெய்யும் கருவாடும், இனி மற்றவர்கள் சரக்குக்கு முன்னால் போய் இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பழைய வண்டி என்று தெரிந்துதான் வாங்கினார்கள். ஏழு மாதம் ஓட்டிச் சுகம் கண்டபிறகு, பழசைத் தலையில் கட்டிவிட்டான் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு ஐப்பசி, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. சாளை கொள்ளையாகப் பட்ட வருஷம். வீட்டு முற்றத்தில் நாலு செம்பு அண்டாக்களில் விடிந்ததிலிருந்து மீன் வெந்துகொண்டிருக்கும். வெந்த மீனைச் சாக்கில் போட்டு மரக்கட்டையால் அமுக்கி, வடிகிற வெள்ளத்தின் மேல் மிதக்கிற நெய்யைச் சிரட்டை அகப்பையால் கோரி எடுக்க வேண்டும். மாமியார் விக்டோரியா அந்த அகப்பையை யாரிடமும் கொடுக்கமாட்டாள். மூத்த மகன் சிலுவைதாசன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அடுப்புக்கும் வியாபாரத்துக்கும் அதிகாரி. இளையவன் கிளீட்டஸ் ரீத்தாவின் புருஷன். மாமனாரிடம் மூன்று வாரம் பழகி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன். நாள் முழுக்க மழை தூறும், விறகு நனைந்து கண்ணைக் கரிக்கும், மீன் நாற்றம் தலைமயிர் வரைக்கும் ஏறும். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றின்மேல் எரிச்சல் வேண்டியிருந்தது, வேன் கையருகில் நின்றது.

மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளைப்புளிமுளமும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது விக்டோரியா தொடங்கினாள்.

"ஏட்டி, ஒனக்க அப்பனுக்க வண்டிக்கு இழுப்பு நோவா?"

"வண்டி பழசு மாமி. உள்ள இருக்க வளையம் தேஞ்சுபோச்சு. கொஞ்சம் எண்ணெய் மேல ஏறி எரியுது, அதான் பொகை. வளையம் மாத்துகது வரைக்கும் பொகையட்டும். ஓட்டத்துக்கு ஒரு கொறையும் இல்ல."

"பொகையட்டுமாம். கேட்டியாலே கிளீட்டஸ்?"

கிளீட்டஸ் சாளைமுள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தான். நியாயம் பேச வேண்டிய நேரத்திலெல்லாம் அவனுக்குத் தட்டில் முள் அகப்படும்.

சிலுவைதாசன் கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு எறங்குகேன். மேலத்தெரு வலைக்காரனுவ எனக்க முன்னால நின்னு இருமிக் காட்டுகானுவ. நாப்பத்தி மூணு வயசுல எனக்கு இந்தக் கேடு வேணுமா? பொகைக்குக் காரணம் வளையமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ ஊத்துக எண்ணெய்தான். வெள்ளம் மாதிரி இருக்கு."

"அது முப்பதாம் நம்பர் அத்தான். இந்த வண்டிக்கு அதுதான்னு அப்பா டின்னுல பெயிண்டுல எழுதித் தந்திருக்காவ."

"நம்பர நீயே வச்சுக்க. புது வள்ளத்துக்கு ஒழுகி ஓடுக நேந்த நெய் போதும். பழைய வள்ளத்துக்கு நாங்க என்ன செய்வோம்? மூணு நாளு காய்ச்சிக் கொழுத்த நெய்யத்தான் தேய்ப்போம். அப்பதான் இடுக்கு அடையும். எனக்க அப்பனுக்க வள்ளம் இருவத்தாறு வருஷம் கடலுல கெடந்தது. மரத்துக்கு உள்ள நியாயந்தான் இரும்புக்கும்."

"வள்ளத்துல இடுக்கு அடையணும் அத்தான். இதுல இடுக்குக்குள்ள எண்ணெய் ஓடணும்." ரீத்தா தட்டை நகர்த்தி வைத்தாள். "இந்த வண்டியில என்ஜினும் கியரும் ஒரே எண்ணெயிலதான் கெடக்கு. எண்ணெய் கொழுத்தா முன்ன இருக்க பேரிங்குக்குப் போய்ச் சேராது. மேட்டுல ஏறும்ப தட்ட ஆரம்பிக்கும். இன்னொண்ணும் உண்டு. கியர் தகடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். கைப்பிடியச் சுத்தி என்ஜின் பிடிச்ச ஒடனே வண்டி தன்னால முன்ன நடக்கும். கைப்பிடி போடுக ஆளு முன்னதானே நிக்கான்."

"வண்டி நடக்குமாம்" என்றாள் விக்டோரியா. "ஆளில்லாம நடக்குமாம். தக்கலையில வண்டியெல்லாம் அப்படித்தான் போல."

"குளிர் காலத்துல அப்பா ஒரு பின்சக்கரத்த ஜாக்கி வச்சுத் தூக்கிட்டுதான் சுத்துவாவ. நான் கண்ணால கண்டிருக்கேன்."

"நீ கண்டது போதும்." விக்டோரியா எழுந்தாள். "இன்னும் ஒரு தடவ அந்தச் சவம் தெருவுல பொகைஞ்சா, வண்டியயும் ஒன்னயும் சேத்துத் தக்கலைக்கு அனுப்பிருவேன். பொகைக்குத் தொணையா நீயும் போ."

இதை அவள் சொல்வது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை ரீத்தா அழுதாள். வண்டியோடு திரும்பி வந்த மகள் என்று தக்கலைச் சந்தையில் பேசுவார்கள். அப்பா பட்டறைக்கு வெளியே தலை காட்டமாட்டார். அந்தப் பயம் அவள் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. இந்த வண்டி ஓடுகிற வரைக்கும்தான் இந்த வீட்டில் தனக்குச் சோறு என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் குளத்தில் துணி அலசிவிட்டு வந்தபோது முற்றத்தில் வண்டியின் அடியில் கறுப்பு எண்ணெய் கொட்டிக் கிடந்தது. சிலுவைதாசன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மண்கலயம். நாகர்கோவில் லாரிக்காரன் ஒருவனிடம் வாங்கின அறுபதாம் நம்பர் கொழுத்த எண்ணெயும், மூன்று நாள் காய்ச்சிக் குறுக்கிய சாளை நெய்யும் பாதிக்குப் பாதி. கலயத்தின் விளிம்பில் அது பாகு மாதிரி தொங்கிக்கொண்டு நின்றது, விழவில்லை.

ரீத்தா துணியைப் போட்டுவிட்டு, உப்புக் குவித்து வைக்கிற கிட்டங்கிக்கு ஓடினாள். அப்பா தந்த டின் வைத்த இடத்தில் இல்லை.

"டின் எங்க அத்தான்?"

"டின்னு ஒனக்கு எதுக்கு? நான் அங்ஙன மாறினதும் எடுத்து ஊத்தவா?"

அவள் கிளீட்டஸிடம் போனாள். அவன் கருவாட்டுக் கூடையை ஓலைக்கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணன் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றான். "நீ பொம்பள, இதுல கெடந்து எதுக்கு?"

அன்று வண்டி கோட்டாற்றுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியது. புகையே இல்லை. பொட்டுப் புகை இல்லாமல் பள்ளிமுக்கில் திரும்பி, தெரு நடுவே வந்து நின்றது. புகைக்குப் பதில் மீன் வறுக்கிற வாசம் வந்தது, அவ்வளவுதான். மேலத்தெருப் பூனைகள் நாலைந்து பின்னாலேயே வந்து சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்தன. சிலுவைதாசன் தெருவில் இறங்கி நின்று, வலைக்காரர்கள் பார்க்கும்படி பானெட்டைத் தட்டிக் கொடுத்தான். விக்டோரியா அன்றைக்கு மருமகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எல்லோரும் அறிந்ததுதான். தோற்றவர்கள் கண்ணெதிரே இருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும்.

ரீத்தா வண்டி நிற்பதற்கு முன் ஒரு சத்தம் கேட்டாள். என்ஜினின் முன்பக்கம் 'டொக் டொக்' என்று மெல்லிய தட்டல். பட்டறையில் பிறந்து வளர்ந்த காது அது.

"தட்டுது. முன் பேரிங் காயுது" என்றாள் புருஷனிடம். "நாளைக்கு எடுக்காதீங்க. எண்ணெய மாத்தணும்."

"பொகை நின்னதுல ஒனக்கு வருத்தம்" என்றான் கிளீட்டஸ். "ஒனக்க அப்பன் தோத்துப்போனாருல்லா."

மறுநாள் விடிந்தபோது மழை நின்றிருந்தது. கடலிலிருந்து ஈரக்காற்று சில்லென்று வீசியது. இரவெல்லாம் வெளியே நின்ற வண்டி, உப்புக் கிட்டங்கிச் சுவரைப் பார்த்து நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு முழம் இருக்கும். சிலுவைதாசன் கைப்பிடியைச் சொருகிச் சுற்றப் பார்த்தான். அது அசைய மறுத்தது. தோளைக் கொடுத்து மறுபடி சுற்றினான்.

ரீத்தா அண்டாவுக்கு வெள்ளம் ஊற்றிக்கொண்டிருந்தவள் குடத்தோடு நின்றாள். "அத்தான், பின்சக்கரத்தத் தூக்கி வச்சிட்டுச் சுத்துங்க. இல்லேன்னா வண்டியயாவது திருப்பி நிறுத்துங்க. முன்ன சுவரு இருக்கு."

"போட்டி அங்ஙன. காலத்தயே வாயத் தொறக்கா."

ஏழாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. பிடித்த நொடியே வண்டி நடந்தது. கைப்பிரேக் இழுத்துத்தான் இருந்தது. தேய்ந்த பிரேக், அது என்ன செய்யும்? அவசரமே இல்லாமல், மாடு தொட்டிக்குப் போவதுபோல முன்னால் போயிற்று. சிலுவைதாசன் இரண்டு கையாலும் அதைத் தள்ளினான். வலது காலை அது சுவரோடு வைத்து அழுத்தியது. எலும்பு முறிகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

கிளீட்டஸ் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன் ஏறி நிறுத்தலாம் அல்லவா? வண்டியின் மூக்கில் கைவைத்து, அண்ணனோடு சேர்ந்து அவனும் தள்ளினான். ரீத்தாதான் குடத்தை விட்டெறிந்துவிட்டுப் படியில் ஏறினாள். ஏறுகிற அந்த ஒரு நொடியில், இதைத்தானே சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒன்று குளிர்ந்தது. அதற்குச் சந்தோஷம் என்றுதான் பேர். அப்புறம் வண்டியைப் பின்னால் எடுக்கிற நடு மிதியை மிதித்தாள். வண்டி பின்னால் வந்தது. என்ஜினை நிறுத்தினாள்.

சிலுவைதாசன் சுவரோடு சரிந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ரீத்தா தன் மேல்முண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். விக்டோரியா மாரில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். "கொன்னுபோட்டாளே. வாயி வச்சே கொன்னுபோட்டாளே" என்றாள்.

"நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்" என்றான் கிளீட்டஸ். "ஏத்து, ஏத்து. வண்டியில ஏத்து."

"இந்த எண்ணெயோட போவ முடியாது."

அவன் புரியாமல் பார்த்தான்.

"முன் பேரிங் நேத்தே தட்டுச்சு. ஊரு தாண்டுனா மொத மேட்டுல என்ஜின் எறுகி நின்னுரும். நடுவழியில வச்சிட்டு மாட்டுவண்டி தேடுவீங்களா? எண்ணெய மாத்தணும். கொஞ்ச நேரம் போதும்."

"மனுசன் ரத்தம் ஒழுகிக் கெடக்கான்" என்று விக்டோரியா கத்தினாள். "இவ எண்ணெய் மாத்துகாளாம். ஏலே, இவள அடிச்சு மாத்துலே."

கிளீட்டஸ் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ரீத்தா நகரவில்லை. "அடிச்சிட்டு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. வழியில நின்னா அத்தான நீங்களே சொமங்க" என்றாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவனுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து புகுந்தாள். திருகைக் கழற்றினாள். எண்ணெய் வரவில்லை. துவாரத்தில் உருண்டையாகத் தொங்கியது. வெளியே தவழ்ந்து வந்து, மீன் வெந்துகொண்டிருந்த அண்டாவிலிருந்து கொதிக்கிற வெள்ளத்தை வாளியில் கோரி, என்ஜினின் அடித்தட்டுக்கு வெளிப்புறமாகச் சளப் சளப்பென்று அடித்தாள். ஒரு வாளி, இரண்டு வாளி, நாலு வாளி. சூடு ஏற ஏறக் கறுப்புப் பாகு நூலாக இறங்கி, பிறகு தாரையாகக் கொட்டியது. அவள் முழங்கை வரைக்கும் அது வழிந்தது. கை வெந்தது. முற்றமெல்லாம் மீன் நாற்றமும் ரத்த நாற்றமும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "பாவி, இப்படி ஒரு பொம்பளயா" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

திருகைப் பூட்டிவிட்டு அவள் சிலுவைதாசனின் தலைமாட்டில் வந்து குந்தினாள். கோரைப்பாயில் கிடத்தியிருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அத்தான், டின் எங்க?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒங்க காலுக்குத்தான் கேக்கேன். எனக்கில்ல. எங்க வச்சீங்க?"

"சாவக் கெடக்கவன்கிட்ட என்ன கேள்வி?" என்றாள் விக்டோரியா.

"அவரு சாவாம இருக்கத்தான் மாமி இந்தக் கேள்வி." ரீத்தா குரலை உயர்த்தவில்லை. "கொழுத்தது ஊத்திக் கண்டாச்சு. இனி நேந்தது வேணும். சொல்லுங்க."

எவ்வளவு வலியிலும் மனுஷனுக்கு வீம்பு விட்டுப்போவதில்லை. சிலுவைதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கட்டின துணி மறுபடி சிவந்து, பாயில் சொட்டியது. அதைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"உப்புக்குள்ள. மூலையில, ரெண்டாவது குவியலு."

கிளீட்டஸ் கையால் உப்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தான். டின்னின் வயிற்றில் ஜேசுதாஸ் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய முப்பது அழியாமல் இருந்தது. ரீத்தா அளவுகோல் குச்சி நனைகிறவரை ஊற்றினாள். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினாள். கைப்பிடியைத் தானே சுற்றினாள். மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. தூக்கின சக்கரம் மட்டும் காற்றில் சோம்பலாகச் சுழன்றது, வண்டி நின்ற இடத்தில் நின்றது. முற்றத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

கிளீட்டஸ் ஓட்டுகிற இருக்கைப் பக்கம் போகவில்லை. அவன் பின்னால் ஏறி அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டான், விக்டோரியா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரீத்தா ஓட்டினாள், அப்பாவின் பட்டறையில் பழகினதுதான். குளச்சல் தெருவில் ஒரு பெண் மோட்டார் ஓட்டிப் போவதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். வேகம் கூட்டாமல், மேட்டில் என்ஜினை அடக்கி அடக்கி ஏற்றினாள். தட்டல் இருந்தது, ஆனால் கூடவில்லை. புகை பழையபடி வந்தது. வழியில் விக்டோரியா இருமினாள். "இப்பவும் பொகையுதே சவம்" என்றாள்.

நெய்யூரில் டாக்டர் காலைப் பார்த்து, கட்டுப்போட்டு, மரச்சட்டம் வைத்து முடிப்பதற்கு வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கால் தப்பும் என்றார். வார்டில் இருந்த கம்பவுண்டர் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆரு கொண்டுவந்தது? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ரத்தம் போயே ஆளு முடிஞ்சிருப்பாரு."

"நான்தான்" என்றான் கிளீட்டஸ். "நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"பெத்த தள்ளையவிட எனக்க இளையவன்தான் அண்ணனக் காப்பாத்துனான்" என்றாள் விக்டோரியா. "எடையில ஒருத்தி எண்ணெய மாத்துகேன்னு நேரத்தக் கடத்துனா. அதயும் மீறிக் கொண்டுவந்துட்டான்."

கட்டிலில் கிடந்த சிலுவைதாசனுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. கண் திறந்திருந்தது. வாசற்படியில் நின்ற ரீத்தாவை அது பார்த்தது. முழங்கை வரைக்கும் கறுப்பாக, தோல் வெந்து கொப்புளித்த இரண்டு கைகளைப் பார்த்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வயிற்றில் ஏழு மாதமாகக் கிடந்த கல் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல, தெளிந்த கோபம். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்தாள். மிச்ச எண்ணெய் இருந்த டின்னை இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கைப்பிடியைச் சுற்றினாள். ஜாக்கியை இறக்கி உள்ளே போட்டாள்.

சத்தம் கேட்டுக் கிளீட்டஸ் ஓடிவந்தான். "ஏட்டி, எங்க போற?"

"தக்கலைக்கு."

"அப்போ நாங்க எப்படித் திரும்பிப் போவ? அம்மைய எப்படிக் கூட்டிட்டுப் போவ?"

"நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க. வந்தது மாதிரியே போங்க."

"வெளையாடாத, எறங்கு. ஆளுவ பாக்காவ."

"வண்டியயும் என்னயும் சேத்து அனுப்பிருவேன்னு மாமி மூணு தடவ சொன்னாவ" என்றாள் ரீத்தா. "அனுப்பியாச்சுன்னு சொல்லுங்க."

அவன் வண்டியின் முன்னால் வந்து மறித்து நிற்கப் பார்த்தான். சுவரில் நசுங்கின அண்ணனின் கால் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பக்கத்துக்கு விலகிக்கொண்டான். அவள் இரணியல் சாலையில் வண்டியைத் திருப்பினாள். கிளீட்டஸ் ஆஸ்பத்திரி வாசலில் புகைக்குள் நின்று இருமினான்.